முகம் காட்டி வேலை தேடுவோர்

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை வேளையில், நண்பர் ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு என் இல்லத்திற்கு வந்தார். பெண் வணிகவியலில் பட்டம் பெற்றவள். நிறுவனமொன்றில் கணக்கு உதவியாளர் பணிக்கு விண்ணப்பித்திருந்தாள். அந்நிறுவனத்தார் வழக்கமான பயோடேட்டாவோடு மட்டும் நிறைவு கொள்ளாமல், 'தங்களைப் பற்றி ஒரு நிமிடம் பேசி, அதனை வீடியோவாக எடுத்து அனுப்புக' என்றும் கேட்டிருந்தனர். பெண்ணோ சிறு வயது முதலே சற்றுத் திக்கிப் பேசுபவள். வல்லின எழுத்தில் தொடங்கும் சொற்கள், சிறப்பாகக் ககரம், அவள் நாவில் வழிமறித்து நின்றுவிடும். நண்பர் நாற்காலியில் அமர்வதற்கு முன்னரே கேட்டுவிட்டார்: "கணக்கு எழுதுவதற்கு முகம் எதற்கு? வாய் எதற்கு? மூளையும் விரலும் போதாதா?"

நியாயமான கேள்விதான். அன்று என்னால் உடனே விடை கூற இயலவில்லை. அதன்பின் இப்பொருள் பற்றித் தேடிப் படித்தவற்றையும், அப்பெண்ணோடு அமர்ந்து கற்றுக்கொண்டவற்றையும் ஈண்டு வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன். வேலை தேடும் மகனோ மகளோ இல்லாத வீடு நம்மிடையே அரிது அன்றோ?

நம் தலைமுறையினர் விண்ணப்பித்த முறையை எண்ணிப் பாருங்கள். தட்டச்சுக் கூடத்தில் முறைப்படி அடித்த வெள்ளைத்தாள். 'பணிவுடன் விண்ணப்பித்துக்கொள்வது யாதெனில்' என்ற தொடக்கம். சான்றிதழ் நகல்களில் பச்சை மைக் கையொப்பம் பெற அலுவலர் ஒருவரின் வீட்டு வாயிலில் காத்து நிற்றல். தன் முகவரி எழுதி அஞ்சல்தலை ஒட்டிய உறை. வலப்பக்க மூலையில் பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம். முகம் அந்நாளிலும் கேட்கப்பட்டதுதான். ஆனால் அது பேசாத முகம். ஒரே ஒருமுறை ஸ்டூடியோவில் தலைவாரி, பவுடர் பூசி, மூச்சடக்கி அமர்ந்தால் பத்து விண்ணப்பங்களுக்குப் போதுமானது.

தன்னைப் பற்றித் தானே எழுதி வேலை கேட்கும் வழக்கத்திற்கு மிகப் பழைய சான்றாகப் பலரும் காட்டுவது, ஓவியர் லியோனார்டோ டா வின்சி மிலான் நகர ஆட்சியாளர் லுடோவிக்கோ ஸ்போர்சாவுக்கு ஏறத்தாழ 1482-ஆம் ஆண்டில் எழுதிய கடிதத்தையே. இறுதி இராவுணவு ஓவியத்தின் வாயிலாக நம் இல்லங்கள் பலவும் அறிந்த அதே லியோனார்டோதான். அப்போது அவருக்கு முப்பது வயது. அக்கடிதத்தைப் படிப்போர்க்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. எளிதில் தூக்கிச் செல்லத்தக்க பாலங்கள், கோட்டை முற்றுகைக் கருவிகள், பீரங்கிகள், மூடுவண்டிகள் என்று தம்மால் செய்ய இயன்றவற்றை வரிசையாக எண்ணிட்டு எழுதுகிறார். சிற்பமும் ஓவியமும் கடைசியில்தான், அமைதிக் காலத்திற்கு உரியவையாக வருகின்றன. தாம் கூறியவற்றில் எதனையேனும் இயலாது என்று எவரேனும் ஐயுற்றால், அரசரின் பூங்காவிலோ அவர் விரும்பும் இடத்திலோ செய்து காட்டத் தயார் என்றும் முடிக்கிறார். போரில் ஈடுபட்டிருந்த ஆட்சியாளருக்கு எது தேவை என்பதை அறிந்து எழுதிய கடிதம் அது. 'நான் எத்தகையவன்' என்பதை அவர் பேசவே இல்லை. 'தங்களுக்கு என்ன செய்து தருவேன்' என்பதையே பேசினார். இறுதி இராவுணவு ஓவியத்தை அதே ஆட்சியாளருக்காக 1495-க்கும் 1498-க்கும் இடையில்தான் அவர் வரைந்தார் என்பதையும் இவ்விடத்தில் நினைவில் கொள்ளலாம்.

வீடியோவில் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் எண்ணம் நேற்றுப் பிறந்ததன்று. 1980-களில் அமெரிக்காவில் வீடியோ கேசட் கருவிகள் வீடுதோறும் பெருகியபோதே, தம் பேச்சைப் பதிவு செய்த கேசட்டை நிறுவனங்களுக்கு அஞ்சலில் அனுப்பும் வழக்கம் சிறிது தலைகாட்டியது, ஆனால் வேரூன்றவில்லை. காரணம் எளிது. தாளைக் கண்ணால் மேய்ந்துவிடலாம். கேசட்டை அவ்வாறு மேய இயலாது. அமெரிக்க வேலைவாய்ப்பு இணையதளம் ஒன்று 2012-இல், ஆட்களைத் தேர்ந்தெடுப்போர் முப்பது பேரின் கண்ணசைவைக் கருவி கொண்டு அளந்து, ஒரு பயோடேட்டாவை அவர்கள் முதலில் பார்ப்பது ஏறக்குறைய ஆறு வினாடிகளே என்று வெளியிட்டது. முப்பது பேர் என்பது சிறு எண்ணிக்கைதான். ஆயினும் அலுவலகத்தில் விண்ணப்பக் கட்டுகளைப் பிரித்துப் பழகிய எவரும் அதனை மறுக்கமாட்டார். ஆறு வினாடி பார்க்கும் பழக்கமுடையவரிடம் அறுபது வினாடி கேட்பதற்குத் தக்க காரணம் வேண்டும்.

2005-ஆம் ஆண்டில் யூடியூப் தோன்றியபின் இத்தடை ஒருவாறு நீங்கியது. தடை நீங்கிய மறு ஆண்டிலேயே நேர்ந்தது ஒரு நிகழ்ச்சி. இதனைச் சற்று விரித்துக் கூறுவதற்கு வாசகர் இடம் தர வேண்டும்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் 2006-இல், யுபிஎஸ் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டு வங்கிக்கு வேலை கேட்டு எழுதினார். அவர் பெயர் செய்தித்தாள்களில் பலமுறை அச்சேறியதே. ஆயினும் நான் இங்கு மீண்டும் எழுத விரும்பவில்லை. பல பக்கப் பயோடேட்டாவோடு ஏறத்தாழ ஏழு நிமிட வீடியோ ஒன்றையும் இணைத்தார். அதில் பேட்டி காண்பவர் போன்ற ஒரு குரல் அவரது வெற்றியின் இரகசியத்தைக் கேட்க, அவர் அமர்ந்தபடி விடையளிக்கிறார். இடையிடையே பெரும் பளுவைத் தூக்குகிறார், பனிமலையில் சறுக்குகிறார், டென்னிஸ் பந்தை அதிவேகமாக அடிக்கிறார், அணங்கொருத்தியோடு நடனமாடுகிறார், முடிவில் அடுக்கிவைத்த செங்கற்களைக் கைவீச்சால் உடைக்கிறார். வங்கி வேலைக்கும் செங்கல்லுக்கும் என்ன தொடர்பு என்று நமக்குத் தோன்றுகிறது. இருபத்து மூன்று வயது இளைஞருக்குத் தோன்றவில்லை. அவ்வளவே அவர் செய்த பிழை.

அந்தப் படம் வங்கியாளர் பலரின் கணினிகளுக்குக் கைமாறிக் கைமாறிச் சென்றது. அக்டோபர் மாதத்திற்குள் யூடியூப் வாயிலாக உலகமே பார்த்துச் சிரித்தது. தொலைக்காட்சிகள் பேசின, நடிகர்கள் அதனைப் போலச் செய்து கேலிப் படங்கள் எடுத்தனர். அவர் கூறிக்கொண்டவற்றுள் சில மெய்தானா என்ற ஐயமும் கிளப்பப்பட்டது. அவர் கேட்ட வேலை கிடைக்கவில்லை. 2013-ஆம் ஆண்டு சனவரியில், முப்பது வயது நிரம்புமுன் அவர் இறந்தபோதும், செய்தி இதழ்கள் அவரை அந்த ஏழு நிமிடப் படத்தைக் கொண்டே அடையாளம் காட்டின.

அந்தப் படத்தை நானும் பார்த்தேன். தொடக்கத்தில் சிரிப்பு வந்ததை மறைக்கவில்லை. ஆனால் ஒரு நிறுவனத்திற்கு நம்பி அனுப்பிய விண்ணப்பம், அனுப்பியவரின் இசைவின்றிச் சந்தியில் விரிக்கப்பட்டது என்பதை எண்ணியபோது சிரிப்பு நின்றது. தாளில் தற்பெருமை எழுதி அனுப்பியோர் எத்தனையோ பேர். அவர்தம் தாள்கள் குப்பைக் கூடைக்குச் சென்றன, எவரும் அறியவில்லை. வீடியோவுக்குக் குப்பைக் கூடை இல்லை.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியும் உண்டு. பாஸ்டன் நகருக்கு அருகிலுள்ள டப்ட்ஸ் பல்கலைக்கழகம் 2010-ஆம் ஆண்டுச் சேர்க்கைக்கு, விரும்பும் மாணவர் தம்மைப் பற்றி ஒரு நிமிட வீடியோ அனுப்பலாம் என்று அறிவித்தது. ஏறத்தாழ 15,000 விண்ணப்பதாரருள் 1,000 பேர் அனுப்பினர். மாணவி ஒருத்தி கணக்குப் பாடத்தின் வரைகோடுகளைக் கைகால்களால் நடன அசைவுகளாக்கிக் காட்டினாள். மாணவர் ஒருவர் யானை வடிவில் சிறு ஹெலிகாப்டர் ஒன்றைத் தாமே செய்து பறக்கவிட்டார். யானை அப்பல்கலைக்கழகத்தின் சின்னம். இவர்கள் இருவரும் தம்மைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஒன்றைச் செய்து காட்டினர். லியோனார்டோ பூங்காவில் செய்து காட்டுவதாகச் சொன்னதும் இதுவே.

2021-ஆம் ஆண்டு சூலை மாதத்தில் டிக்டாக் நிறுவனம் அமெரிக்காவில், வீடியோ வாயிலாகவே வேலைக்கு விண்ணப்பிக்கும் ஏற்பாடு ஒன்றைச் சோதனையாக அந்த ஒரு மாதம் நடத்தியது. முப்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதில் பங்குகொண்டன. (நம் நாட்டில் அச்செயலி 2020 சூன் மாதமே தடை செய்யப்பட்டுவிட்டது.) பெருந்தொற்றுக் காலத்தில் நேர்முகத் தேர்வுகள் அனைத்தும் திரைக்குள் புகுந்தபின், முன்கூட்டியே பதிவு செய்து அனுப்பும் பேச்சு யாருக்கும் புதுமையாகத் தோன்றவில்லை. என் நண்பரின் மகளுக்கு வந்த கடிதம் இவ்வழியே வந்ததுதான்.

இனி, நண்பரின் கேள்விக்கு வருவோம். முகம் எதற்கு?

முகத்தை மறைத்தால் நீதி கூடுகிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. பாஸ்டன் சிம்பனி இசைக்குழு 1952-இல், புதிய கலைஞர்களைத் தேர்ந்தெடுக்கும்போது திரைக்குப் பின்னால் அமர்ந்து வாசிக்கச் செய்தது. காலணி ஓசையைக் கொண்டு ஆணா பெண்ணா என்று அறிந்துவிடக் கூடாதென்று, சில குழுக்கள் தரையில் கம்பளம் விரித்தன. அல்லது காலணியைக் கழற்றச் சொல்லின. கிளாடியா கோல்டின், சிசிலியா ரவுஸ் என்னும் பொருளியல் அறிஞர் இருவர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், திரையிட்டதனால் பெண் கலைஞர் அடுத்த சுற்றுக்குத் தேறும் வாய்ப்பு உயர்ந்தது என்று எழுதினர். அவ்வாய்வின் புள்ளிவிவரங்கள் அத்துணை உறுதியானவை அல்ல என்று பின்னர்ச் சிலர் குறை கூறினர் எனினும், திரை இன்றும் பல இசைக்குழுக்களில் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

அயல்நாட்டை விடுவோம். நம் நாட்டிலேயே சுகதேவ் தோரட், பால் அட்டவெல் என்போர் செய்து 2007-இல் வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. செய்தித்தாள்களில் வெளிவந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு, ஒத்த தகுதியுடைய விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினர். உயர்சாதிப் பெயர், தலித் பெயர், முசுலிம் பெயர். மொத்தம் 4,808 விண்ணப்பங்கள். நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்படும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயரோடு ஒப்பிடுகையில் தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்காகவும், முசுலிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்காகவும் இருந்தது. வெறும் பெயருக்கே இந்நிலை என்றால் நிறம், உடை, பேச்சுவழக்கு, பின்னணியில் தெரியும் சுவர் ஆகிய அனைத்தையும் ஏந்திச் செல்லும் வீடியோவுக்கு என்ன நிலை? ஓட்டு வீட்டுக் கூடத்தில் நின்று பேசும் பிள்ளையும், குளிரூட்டிய அறையில் அமர்ந்து பேசும் பிள்ளையும் ஒரே தகுதியுடையவராயினும் ஒரே வண்ணமாகத் தோன்றுவதில்லை.

பார்ப்பது மனிதராக இல்லாமல் இயந்திரமாக இருந்தால் இக்குறை நீங்கும் என்று சிலர் நம்பினர். ஜெர்மனியில் பவேரிய வானொலி-தொலைக்காட்சி நிறுவனத்தின் செய்தியாளர்கள் 2021-இல் அதனைச் சோதித்துப் பார்த்தனர். பேசுபவரின் குணநலனை வீடியோ கொண்டு கணிப்பதாகக் கூறிய மென்பொருள் ஒன்றின்முன் ஒரே பெண்ணை அமர்த்தினர். மூக்குக்கண்ணாடி அணிந்தபோது ஒரு மதிப்பெண். தலைத்துணி அணிந்தபோது வேறொன்று. பின்னால் புத்தக அலமாரி தெரிந்தால் மதிப்பெண் மாறியது! நம் பாட்டிமார் சகுனம் பார்த்ததற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. இத்துறையில் முன்னணியில் நின்ற அமெரிக்க நிறுவனமான ஹயர்வ்யூ, முகக்குறிகளை மதிப்பிடும் பகுதியைக் கைவிட்டுவிட்டதாக 2021 சனவரியில் அறிவித்தது. இல்லினாய் மாநிலத்தில் 2020-ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள சட்டப்படி, வீடியோவை இயந்திரம் மதிப்பிடப் போகிறது என்பதை விண்ணப்பதாரருக்கு முன்னரே அறிவித்து இசைவு பெற வேண்டும். அவர் கேட்டால் 30 நாள்களுக்குள் அழித்துவிடவும் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம், பணியிடத்தில் முகத்தையும் குரலையும் கொண்டு மனவுணர்ச்சியைக் கணிக்கும் மென்பொருளை 2025 பிப்ரவரி முதல் தடை செய்திருக்கிறது. இவற்றையெல்லாம் அறிந்தபின், நண்பரின் கோபம் அவ்வளவு தவறானதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆயினும் கடிதம் வந்துவிட்டது. அனுப்பாவிட்டால் வாய்ப்பு போய்விடும். எனவே 'கூடாது' என்று வாதிடுவதைவிட 'எப்படி' என்று பார்ப்பதே அப்பெண்ணுக்கு உதவி.

கேட்கப்படாதபோது வீடியோ அனுப்புவது எல்லா வேலைக்கும் ஏற்றதன்று. ஆசிரியர், விற்பனையாளர், விடுதி வரவேற்பாளர், செய்தி வாசிப்பவர், அயல்மொழியில் பேச வேண்டிய பணியினர் ஆகியோருக்குப் பேச்சே தொழிற்கருவி. அவர்கள் பேசிக் காட்டுவது பொருத்தமே. அச்சகப் பணியாளரோ தச்சரோ தையற்காரரோ தம் கையைக் காட்டலாம். முகம் தெரிய வேண்டியதே இல்லை. அரசுத் தேர்வாணையங்களுக்கு விதிமுறையில் கேட்டதைத் தவிர வேறொன்றும் இணைத்தல் ஆகாது. மற்றவற்றில், நிறுவனம் கேட்டால் மட்டும் அனுப்புதல் நலம்.

நண்பரின் மகள் முதன்முதலில் எடுத்து வந்த வீடியோவைப் பார்த்தேன். கேமராவுக்குப் பின்னால் ஒட்டிவைத்த தாளை, திக்கிவிடுமோ என்ற அச்சத்தில் மூச்சுவிடாமல் படித்திருந்தாள். 'கடின உழைப்பும் நேர்மையும் குழுவாகச் செயலாற்றும் திறனும் உடையவள்' என்ற சொற்கள், வேகமாகச் செல்லும் இரயிலின் பெட்டிகள்போல் ஓடி மறைந்தன. கண்கள் இடமிருந்து வலமாக நகர்ந்தவண்ணம் இருந்தன. பின்னால் சன்னல், அதன் வெளிச்சத்தில் முகம் கருநிழல். மின்விசிறியின் ஓசை பேச்சை விழுங்கிற்று.

இவற்றுள் பாதியைச் சரிசெய்யக் காசே செலவில்லை. சன்னலுக்கு முதுகு காட்டாமல் அதனை நோக்கி அமர்ந்தால் போதும். முகத்திற்குப் பகல் வெளிச்சத்தைவிடச் சிறந்த விளக்கு கிடையாது. செல்போனைக் கையில் பிடிக்காமல், புத்தகங்களை அடுக்கி அதன்மேல் கண் உயரத்தில் சாய்த்துவைக்க வேண்டும். கீழிருந்து எடுத்தால் மூக்குத்துளைதான் முதலில் பேசும். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். படம் சற்று மங்கலாயிருந்தால் பொறுத்துக்கொள்வர், ஒலி தெளிவில்லை என்றால் உடனே நிறுத்திவிடுவர். ஆதலால் காதொலிக் கருவியின் கம்பியிலுள்ள சிறு மைக்கைப் பயன்படுத்துதல் நன்று. வழக்கமாக அலுவலகத்திற்கு உடுத்தும் உடையே போதும். பின்னணியில் வெறும் சுவர். இதனைக் குறிப்பாகச் சொல்கிறேன்: வீட்டை மறைப்பதற்கன்று, பார்ப்பவர் வீட்டைப் பார்க்காமல் உன்னைப் பார்ப்பதற்கு.

மறுபாதி கடினமானது. என்ன பேசுவது? "பயோடேட்டாவில் உள்ளதையே சொன்னால் அவர்கள் ஏன் பார்க்க வேண்டும்?" என்று கேட்டேன். "வேறு என்ன இருக்கிறது மாமா என்னிடம்?" என்றாள். பட்டப்படிப்பின்போது மாலை நேரங்களில் உறவினரின் ஹார்டுவேர் கடையில் இரண்டு ஆண்டுகள் கணக்கு எழுதியிருக்கிறாள் என்பது பேச்சுவாக்கில்தான் வெளிவந்தது. பயோடேட்டாவில் அதனைக் குறிப்பிடவே இல்லை. சம்பளம் வாங்காத வேலை வேலையாகாது என்று எண்ணிவிட்டாள் போலும்! கடையில் பாக்கி அனைத்தும் ஒரு பழைய நோட்டில் பென்சிலால் எழுதப்பட்டுக் கிடந்ததாம். அதனைக் கணினியில் ஏற்றி, மூன்று மாதத்திற்கு மேற்பட்ட பாக்கிக்காரரின் பட்டியலைத் திங்கள்தோறும் கடைக்காரரிடம் கொடுத்திருக்கிறாள். வராது என்று கைவிட்ட பணத்தில் பெரும்பகுதி வந்துவிட்டதாம். நாங்கள் அந்த ஒன்றையே ஒரு நிமிடத்திற்கு எடுத்துக்கொண்டோம். பெயர், விண்ணப்பிக்கும் பணி, அந்த நோட்டின் கதை, தங்கள் அலுவலகத்திலும் இதைச் செய்வேன் என்ற ஒரு வாக்கியம், நன்றி. தாள் கிடையாது, வரிசை மட்டும் நினைவில்.

அனுப்பும் முறையிலும் கருத்து வேண்டும். வீடியோவை எவரும் தேடிக் காணும்படி பொதுவில் ஏற்றாமல், இணைப்பு உள்ளவர் மட்டும் திறக்கும்படி வைத்து, வேலை முடிந்தபின் நீக்கிவிடலாம். முகவரி, பிறந்த நாள், ஆதார் எண் ஆகியவற்றை வாயால் சொல்லவே கூடாது. நிறுவனம் மெய்யானதுதானா என்று அதன் அலுவலகத்திற்கே தொலைபேசியில் கேட்டபின் அனுப்புக. வீடியோவோடு பதிவுக் கட்டணமும் கேட்பவர் வேலை தருபவர் அல்லர். பிறர் முகத்தையும் குரலையும் கணினியால் போலியாக்கி வேலைத் தேர்வுகளில் புகுவோர் உண்டென்று அமெரிக்கப் புலனாய்வுத் துறை 2022-லேயே எச்சரித்தது. பெண் மக்களைப் பெற்றோர் இதனை மிகையச்சம் என்று தள்ளிவிட வேண்டாம்.

மறுபடியும் எடுத்தார்கள். தாயார் சன்னலருகே நின்று கடிகாரம் பார்க்க, தந்தையார் தெருவில் நாய் குரைக்காதபடி காவல் நிற்க, ஒன்பது முறை எடுத்ததாகக் கேள்வி. ஒன்பதாவதில் எல்லாம் சீராக அமைந்தது, ஓர் இடத்தைத் தவிர. 'கணக்கு' என்ற சொல்லில் நாக்கு நின்றுவிட்டது. இரண்டு வினாடி நின்று, அவளே மெல்லச் சிரித்து, அச்சொல்லை முடித்து, மேலே பேசியிருந்தாள். "பத்தாவது முறை எடுத்துவிடுவோம்" என்றார் நண்பர். "வேண்டாம் அப்பா, வேலைக்குப் போனாலும் இப்படித்தானே பேசப் போகிறேன்" என்றாள். அதையே அனுப்பினாள். பயோடேட்டாவிலும் ஹார்டுவேர் கடையை ஒரு வரி சேர்த்தாள்.

மூன்று வாரங்கள் கழித்துப் பதில் வந்தது. எழுத்துத் தேர்வுக்கு வருமாறும், கால்குலேட்டர் கொண்டுவரலாம் என்றும் இருந்தது. வீடியோவைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.